டை-பிரேக் முடிந்தபின் அடுத்த செட்டில் முதல் சர்வ் யாருக்கு?

கோவையில் எங்கள் அபார்ட்மென்ட் கோர்ட்டில் நாலு பேர் டென்னிஸ் டபுள்ஸ் ஆடுகிறோம், எல்லாரும் புதுசு. செட் 6-6 ஆகி, அதை முடிக்க டை-பிரேக் என்ற கூடுதல் கேம் வந்துவிட்டால் போதும், சண்டை தொடங்கிவிடும்.

நேற்று டை-பிரேக்கில் முதல் சர்வ் எங்கள் ஜோடி. ஒரு பாயின்ட் நாங்கள், பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு, 6 பாயின்ட்டுக்கு ஒருமுறை பக்கம் மாற்றினோம். 7-4 என ஜெயித்தோம். கணக்குப்படி கடைசி இரண்டு சர்வும் எதிரணிதான் போட்டது. இதுவரை குழப்பமில்லை.

இரண்டாவது செட்டில்தான் சிக்கல். ஜெயித்தவர்தான் போட வேண்டும் என்கிறார் ஒருவர் (பேட்மின்டன்காரர், அங்கே அப்படித்தான்). கடைசியாகப் போட்டது எதிரணி, அதனால் இப்போது எங்கள் முறை என்பது என் பார்ட்னர் வாதம். எதிரணியோ தங்களுக்கே என்கிறது.

டிவியில் பார்க்கலாமென்றால் செட் முடிந்ததும் விளம்பரம். கோச் ஊரில் இல்லை. யூடியூப் வீடியோக்கள் டை-பிரேக்கோடு நின்றுவிடுகின்றன. புது செட்டில் ஜோடிக்குள் யார் முதலில் போடுவது என்பதை மாற்றிக்கொள்ளலாம் என்று தெரியும், அதைக் கேட்கவில்லை.

டை-பிரேக்கை நாங்கள் தொடங்கியிருந்தால், அடுத்த செட்டின் முதல் கேமில் எந்த ஜோடி சர்வ் போட வேண்டும்?