வீட்டை வங்கி எடுக்கும் நிலை வந்தால்: கனடாவுக்குப் புதிதாகச் சென்றவர்களுக்குச் சில விளக்கங்கள்

கனடாவுக்குச் சென்று சில வருடங்களிலேயே வீடு வாங்கி, இப்போது மாதத் தவணை கட்ட முடியாமல் திணறும் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே கொக்குவிலில் என்னிடம் வந்து விசாரிப்பது அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. "வங்கி வீட்டை எடுக்கப்போகிறதாம், ஆனால் வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறதுதானே?" என்று தொடங்குவார்கள், மிகுதியைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். ரொறொன்ரோவில் தீ விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், விழுங்கப்பட்ட அந்த மிகுதி என்னவென்று எனக்கு விளங்கும். வீடு எரிந்துவிட்டால் கடனும் எரிந்துவிடும் என்று யாரோ பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதை ஒருவரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பதால், அந்த எண்ணம் ஏன் கணக்காகவே பிழை என்பதை முதலில் எழுதுகிறேன். செய்யக்கூடியவற்றைப் பின்னர் எழுதுகிறேன்.

வங்கிக் கடனுள்ள வீட்டின் காப்புறுதிப் பத்திரத்தில் கடன் கொடுத்தவரைப் பாதுகாக்கும் நிபந்தனை ஒன்று இருக்கும். வீட்டில் தீப்பற்றினால் இழப்பீட்டில் முதல் உரிமை வங்கிக்குரியது. வீட்டுக்காரரே தீ வைத்திருந்தாலும் வங்கியின் பங்கு வங்கிக்குப் போய்ச் சேரும். அப்படி வங்கிக்குப் பணம் கொடுத்த காப்புறுதி நிறுவனம், வங்கியின் இடத்தில் தான் நின்று, அதே தொகையை வீட்டுக்காரரிடம் அறவிட வழக்குப் போடலாம். ஆகவே கடன் அப்படியே இருக்கிறது, கடன்காரர் மட்டும் மாறியிருக்கிறார்; அவரோ உங்களிடம் தவணை பேசும் மனநிலையில் இருக்கமாட்டார். உண்மையான விபத்தாக இருந்தாலும் நிலைமை நினைப்பது போல் இல்லை. காப்புறுதி கட்டடத்துக்கே உண்டு, காணிக்கு இல்லை. ரொறொன்ரோ சுற்றுவட்டாரத்தில் நீங்கள் கொடுத்த விலையில் பெரும்பங்கு காணியின் விலை என்பதை மறக்கக்கூடாது. கட்டடத்தின் முழுப்பெறுமதியும் பொதுவாக அதே இடத்தில் திரும்பக் கட்டினால்தான் கிடைக்கும். கட்டாமல் பணமாகக் கேட்டால் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டே கொடுப்பார்கள். கட்டி முடியும்வரை மாதத் தவணையும் நிற்காது.

விசாரணை எப்படி நடக்கும் என்பதை நம்மவர்கள் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். தீ அணைந்த பிறகு, எரிபொருளின் வாடையை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாயை உள்ளே கொண்டுவருவார்கள். அது சந்தேகமான இடத்தில் பேசாமல் உட்கார்ந்துவிடும். அந்த இடத்திலே தரைப்பலகையையோ விரிப்பின் அடிப்பகுதியையோ வெட்டியெடுத்து, பெயின்ட் தகரம் போன்ற சுத்தமான தகரத்துக்குள் போட்டு, மூடியை அடித்து இறுக்கி, நேரத்தையும் இடத்தையும் எழுதி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். நீர் பாய்ச்சி அணைத்த பிறகும் பலகையின் இடுக்குகளில் பெற்றோல் தங்கியிருக்கும். அது ஒருபுறமிருக்க, நான் பார்த்த கோப்புகளில் ஆளைக் காட்டிக்கொடுத்தவை பெரும்பாலும் சாதாரணக் கேள்விகளே. கல்யாண அல்பம் எங்கே இருந்தது? பிள்ளைகளின் பாஸ்போட்டும் காணி உறுதிகளும் எப்படித் தப்பின? தாலிக்கொடியை எந்த நாளில் வங்கிப் பெட்டகத்தில் வைத்தீர்கள்? கடைசியாக எந்த மாதத் தவணையைக் கட்டினீர்கள்? இவற்றுக்குச் சத்தியத்தின்மீது பதில் சொல்லவேண்டும். எரிந்த பொருட்களின் பட்டியலையும் சத்தியக்கூற்றாகவே ஒப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். அதில் வேண்டுமென்று எழுதிய ஒரு பொய் முழுக் கோரிக்கையையும் தள்ளுபடி செய்யப் போதுமானது.

இனிச் சட்டம். கனடாக் குற்றவியல் சட்டத்தின் 435 ஆம் பிரிவின்படி, ஏமாற்றும் நோக்கத்தோடு தீ வைப்பதற்கு அதிகபட்சம் 10 வருடச் சிறைத்தண்டனை உண்டு. தீக்காப்புறுதியின் பயனாளி என்பதையே ஏமாற்றும் நோக்கத்தை ஊகிப்பதற்கான ஓர் உண்மையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தும் அல்லது அதைப் பொருட்படுத்தாமலும் தீ வைத்தால் 433 ஆம் பிரிவு; அதற்கு ஆயுள் தண்டனைவரை விதிக்கலாம். நம்மவர்களின் வீடுகளில் எத்தனை பேஸ்மென்ட்களில் வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், எத்தனை வீடுகள் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய மரச்சட்டக் கட்டடங்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆளை வைத்துச் செய்விப்பவரும் அதே குற்றவாளிதான். அந்த ஆள் வாழ்நாள் முழுவதும் பணம் கேட்டு வருவான் என்பது மேலதிகம். பெற்றோலின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து, வைத்தவரையே முதலில் பிடித்த சம்பவங்களும் உண்டு.

புதிதாகப் போனவர்களுக்கு இதைவிடப் பெரிய அடி குடிவரவுச் சட்டத்திலிருந்து வரும். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர், அதிகபட்சம் 10 வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் கனடாவில் தண்டிக்கப்பட்டால், நீதிபதி உண்மையில் விதித்தது எவ்வளவு குறைவாக இருந்தாலும், பாரிய குற்றம் என்ற வகையில் நாட்டில் இருக்கும் தகுதியை இழக்கிறார். விதித்த சிறைத்தண்டனை ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால், நாடுகடத்தும் கட்டளைக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லை. ஏஜென்சிக்குக் கொடுத்ததும், அகதி வழக்குக்காகக் காத்திருந்ததும், அம்மாவின் தோட்டக்காணியை விற்றதும் எல்லாம் சேர்ந்து கட்டுநாயக்காவில் வந்து இறங்கும்.

இந்த நெருக்கடி எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொண்டால் வெட்கம் கொஞ்சம் குறையும். கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம் 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை 0.25 வீதமாக இருந்தது. 2023 யூலையில் 5 வீதத்தைத் தொட்டது. 2024 யூனிலிருந்தே இறங்கத் தொடங்கியது. 25 வருடத்தில் கட்டி முடிக்கும் 8 இலட்சம் டொலர் கடனுக்கு 2 வீத வட்டியில் மாதம் ஏறத்தாழ 3,400 டொலர். 5 வீதத்தில் ஏறத்தாழ 4,650 டொலர். அங்கே வீட்டுக் கடனின் வட்டி பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கே நிலையாக இருக்கும் என்பதை விளங்கிக்கொள்ளாமல் ஒப்பமிட்டவர்கள் ஏராளம். ஒற்றிக்குக் காணி வைத்து, பணம் வந்தபோது மீட்டுப் பழகிய ஊர் நம்முடையது. தவணை தவறினால் வாரக்கணக்கில் காலம் ஓடும் கடன் நமக்குப் புதிது.

ஒன்ராறியோவில் வழமையாக நடப்பது, நம்மவர்கள் பவர் ஒவ் சேல் என்று சொல்லும் முறை, அதாவது நீதிமன்றம் போகாமல் வங்கியே வீட்டை விற்றுக் கடனை எடுத்துக்கொள்வது. இங்கே இலங்கையில் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கிகள் நீதிமன்றம் போகாமல் ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடும் பராட்டே முறையை அறிந்தவர்களுக்கு இது ஓரளவு விளங்கும். தவணை தவறிக் குறைந்தது 15 நாட்கள் கடந்த பின் விற்பனை அறிவித்தல் அனுப்பலாம். அறிவித்தல் கொடுத்ததிலிருந்து குறைந்தது 35 நாட்கள் விற்க முடியாது. அந்தக் காலத்துக்குள் முழுக் கடனையும் அடைக்கவேண்டும் என்று பலர் நினைத்து மனம் உடைகிறார்கள். நிலுவையையும் செலவையும் கட்டினாலே கடனை வழமைக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறது. வங்கி விற்றாலும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட முடியாது, நியாயமான சந்தை விலையைப் பெற முயலவேண்டும்; கடனும் செலவும் போக மிஞ்சுவது உங்களுடையது. போதாமல் போனால் துண்டுவிழும் தொகைக்கு உங்கள்மீது வழக்கு வரும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதே விடயம் நீதிமன்றத்தின் வழியாக நடக்கிறது. மீட்பதற்கு வழக்கமாக ஆறு மாதம் கொடுக்கிறார்கள்.

ஆகவே பணம் இருப்பது வீட்டுக்குள்ளேதான், அதுவும் நீங்களே விற்றால். உதாரணமாக, முதலில் 2 இலட்சம் கையால் போட்டு 10 இலட்சத்துக்கு வாங்கிய வீட்டில் 7 இலட்சத்து 60 ஆயிரம் கடன் மிஞ்சியிருக்கிறது என்றும், இன்றைய சந்தை விலை 8 இலட்சத்து 50 ஆயிரம் என்றும் வைத்துக்கொள்வோம். நீங்களே விற்று முகவர் தரகாக 5 வீதம் கொடுத்தாலும் ஏறத்தாழ 47 ஆயிரம் டொலர் கையில் நிற்கும். அதில் சட்டத்தரணிக்கும், கடனை முன்கூட்டியே முடிப்பதற்கான தண்டப்பணத்துக்கும் கொடுக்கவேண்டியிருக்கும். வங்கி 8 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு விற்று, நிலுவை வட்டியையும் தன் சட்டச் செலவையும் கழித்தால் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். முதலில் போட்ட 2 இலட்சத்தில் பெரும்பகுதி போய்விட்டது என்பது கசப்பான உண்மை. ஆனாலும் மிஞ்சும் தொகையோடு இரண்டு அறை வாடகை வீட்டில் மீண்டும் தொடங்க முடியும்.

விற்பதற்கு முன்னரும் வழி உண்டு. ஒரு தவணை தவறுவதற்கு முன்னரே வங்கிக்கு எழுதவேண்டும்: கடன் காலத்தை நீட்டலாம், நிலுவையை முதலோடு சேர்க்கலாம், சில மாதங்கள் ஒத்திவைக்கலாம். கடுமையான நெருக்கடியில் உள்ளவர்களுக்கு இவ்வாறான நிவாரணம் வழங்குவது பற்றி மத்திய அரசின் நிதி நுகர்வோர் முகவரகம் 2023 யூலையில் வங்கிகளுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. கிரெடிட் காட் கடன்களே தவணையை விழுங்குகின்றன என்றால், உரிமம் பெற்ற கடன்தீர்வு அறங்காவலர் மூலம் அந்தக் கடன்களைக் குறைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டும் ஏற்பாடு செய்யலாம். அது வீட்டுக் கடனைத் தொடாது, ஆனால் மூச்சுவிட இடம் தரும்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது இலாபம் என்று நிற்பவர்களிடம் அவதானமாக இருங்கள். விற்பனை அறிவித்தல் வந்த வாரத்திலேயே இரண்டாவது கடன் தருவதாகத் தமிழிலேயே தொலைபேசி எடுப்பவர் வருவார். வட்டிக்கு மேலே தரகு, கொடுப்பவர் கட்டணம், சட்டச் செலவு என்று கையில் வருவதற்கு முன்னரே ஒரு பங்கு போய்விடும். ஒரு வருடத்தில் அதுவும் முடிந்து மீண்டும் கட்டணம் கேட்பார். 2025 சனவரி முதலாம் திகதியிலிருந்து வருடம் 35 வீதத்துக்கு மேற்பட்ட வட்டி குற்றமாகும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நியாயமான வட்டி என்று பொருளில்லை. இதற்காகச் சீட்டை முன்கூட்டியே எடுத்துக் கழிவில் விழுவதும், இங்கே தங்கையின் சீதனக்காணியை விற்கச் சொல்வதும் ஓட்டைச் சட்டியில் தண்ணீர் ஊற்றும் வேலை. வருமானம் தவணையைத் தாங்குமா என்ற கேள்விக்கு முதலில் பதில் காணுங்கள்; தாங்காது என்றால் ஊரிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவேண்டாம்.

லண்டனில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: அங்கே வீட்டைக் கையேற்க நீதிமன்றக் கட்டளை வேண்டும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் ஆலோசகர் மூலம் 60 நாள் அவகாசம் பெறும் திட்டம் 2021 மேயிலிருந்து நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டவர் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், சில விதிவிலக்குகள் தவிர, நாடுகடத்தப்படுவார்.

ஒரு வாசகியின் கேள்வி: அண்ணா, நான் ஒன்ராறியோவில் பிரம்ப்டனில் வசிக்கிறேன். வீட்டு உறுதியில் கணவரின் பெயர் மட்டுமே உள்ளது. "கொளுத்திவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்" என்று அவர் இரண்டு தரம் சொல்லிவிட்டார். முதலில் கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்; இப்போது பயமாக இருக்கிறது. அவருடைய அம்மாவுக்கு அறிவிக்கலாமா?

பதில்: தங்கச்சி, இணுவிலிலோ எங்கோ இருக்கும் மாமிக்கு இதைச் சொன்னால் அவர் இரவெல்லாம் அழுவதைத் தவிர ஒன்றும் செய்ய இயலாது, ஊருக்குத் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் உங்கள் கணவரை இன்னும் இறுக்கும். அவருடைய சொல்லில் "எல்லாம்" என்ற பகுதிதான் எனக்குக் கவலை தருகிறது. வீட்டைப் பற்றியா, தன்னைப் பற்றியா சொல்கிறார் என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் கூடாது. தன்னைப் பற்றியென்றால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். வீட்டுக்குள் பெற்றோலோ வேறு ஆயத்தமோ தெரிந்தால் பிள்ளைகளோடு வெளியேறி 911 ஐ அழையுங்கள். அவரைக் காட்டிக்கொடுத்ததாக நினைக்கவேண்டாம்.

சட்டப்படி உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிடப் பலமானது. ஒன்ராறியோவில் சட்டப்படி மணமுடித்தவர்களின் குடும்ப வீடு என்றால், உறுதியில் பெயர் இல்லாவிட்டாலும் விற்பனை அறிவித்தல் உங்களுக்கும் வரவேண்டும். கடனை மீட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. உங்கள் சம்மதமில்லாமல் அவர் இரண்டாவது கடனுக்கு வீட்டை ஈடு வைக்கவும் முடியாது. ஆகவே மேசையில் வைக்கும் எந்தப் படிவத்திலும், உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணியைக் காணும்வரை ஒப்பமிடவேண்டாம். காப்புறுதி விடயத்தில் இன்னொன்று: மகன் தீ வைத்த ஒரு வழக்கில், அதில் எந்தப் பங்கும் இல்லாத பெற்றோருக்கும் இழப்பீடு இல்லை என்று 1989 இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் அல்பேர்ட்டாவும் பின்னர் இப்படிப் பங்கில்லாதவர்களைப் பாதுகாக்கும்படி சட்டத்தைத் திருத்தின. ஒன்ராறியோவில் உங்கள் பத்திரத்தின்படி எப்படி என்பதையும் அதே சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கணவரோடு பேசும்போது குற்றம், சிறை என்று தொடங்கவேண்டாம். வங்கியிடமிருந்து கடைசி மீதிக் கூற்றை எடுத்து, இரண்டு முகவர்களிடம் விலை மதிப்பீடு கேட்டு, மேலே நான் போட்ட கணக்கை உங்கள் வீட்டின் தொகைகளோடு ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். பதிவுத் தபாலில் வந்த கடிதங்களை அவர் பிரிக்காமல் வைத்திருக்கக்கூடும். அவற்றையும் திகதி வரிசையில் அடுக்குங்கள், ஏனெனில் 35 நாள் எப்போது தொடங்கியது என்பது அவற்றில்தான் இருக்கும்.