டப்ளினில் ஐரிஷ் மரபிசை: டிக்கெட் எடுப்பதா, பப்புக்குப் போவதா?
(ஐந்து பேர் புனைபெயரில் எழுதிய விவாதம்)

பின்வரிசை:
ஊரிலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். வந்த அன்றே "ஐரிஷ் மியூசிக் கேட்கணும்" என்றான். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நடுநகரத்தில் ஒரு பப்புக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பேர், இரண்டு கிட்டார், ஒரு மைக். வந்தவர்கள் சேர்ந்து கத்தத் தோதான பாட்டு ஐந்தாறு. இது மரபிசை இல்லை என்று எனக்கே தெரியுமாதலால், லிஃபி ஆற்றைத் தாண்டி இன்னொரு பப்புக்கு நடந்தோம். அங்கே உண்மையான செஷன்தான், வாத்தியக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பது. ஆனால் கண்ணில் பட்டது எட்டு முதுகு. காதில் விழுந்தது பக்கத்தில் நின்றவரின் கால்பந்துக் கதை.

மறுநாள் எர்ல்ஸ்ஃபோர்ட் டெரசில் இருக்கும் நேஷனல் கான்செர்ட் ஹாலில் ஒரு மரபிசைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தேன். அங்கேதான் இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைக்குழலை முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டேன். இத்தனைக்கும் இந்த ஊரில் ஆறு வருடமாக இருக்கிறேன். இல்லன் என்ற பெயரே முழங்கையிலிருந்து வந்தது. வாயால் ஊதுவதே இல்லை. ஒரு முழங்கைக்கு அடியில் துருத்தி, இன்னொரு கைக்கு அடியில் பை. குழலின் அடிவாயைத் தொடையில் அழுத்தி மூடினால் சுரம் நறுக்கென்று வெட்டுப்படுகிறது, எடுத்தால் வழிகிறது. விரல்கள் மெட்டு வாசித்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டின் ஓரம் கீழே ரெகுலேட்டர் சாவிகளைத் தட்டி, கூட இரண்டு மூன்று சுரங்களைச் சேர்க்கிறது. ஒரே ஆள்! பப்பில் எனக்கு இதில் கால்வாசி கூடக் காதில் விழுந்ததில்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: கேட்க ஆசையிருந்தால் டிக்கெட் எடுங்கள். குடிக்க ஆசையிருந்தால் பப்புக்குப் போங்கள்.

மூலைமேசை:
கடைசி வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. முதல் பப்பில் நீங்கள் பார்த்தது செஷனே இல்லை, அதை விட்டுவிடுவோம். இரண்டாவதில் எட்டு முதுகைப் பார்த்ததாகக் குறைப்படுகிறீர்கள். அண்ணே, செஷன் என்பதே அந்த முதுகுதான். அவர்கள் உங்களுக்காக வாசிக்கவில்லை. ஒருவருக்கொருவர் வாசிக்கிறார்கள்.

இது ஆட்டத்துக்குப் பிறந்த இசை. எட்டு பார், அதாவது எட்டுத் தாள அளவு, ஒரு பகுதி, அதை இரண்டு முறை. அடுத்த எட்டு பார், அதையும் இரண்டு முறை. முழு மெட்டும் மூன்று சுற்று வந்ததும் யாரோ ஒருவர் புருவத்தைத் தூக்குவார், அல்லது "ஹப்" என்று ஒரு சின்னச் சத்தம் கொடுப்பார். மூச்சு விடாமல் மொத்த மேசையும் அடுத்த மெட்டுக்குத் தாவும். அடுத்தது எது என்று அவர்களிலேயே பாதிப் பேருக்கு அந்த நொடிவரை தெரியாது. அந்தத் தாவல்தான் இந்த இசையின் உயிர். அரங்கில் அது ஒரு மாதம் முன்பே காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். நடுவில் மேடைக்காரர் ஒரு நகைச்சுவைத் துணுக்கும் சொல்வார். ஆயிரத்து இருநூறு பேர் இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு ரீல் என்ற ஆட்டமெட்டைக் கேட்பதைப் பார்க்கும்போது எனக்குப் பரீட்சை ஹால் ஞாபகம்தான் வருகிறது.

பின்வரிசை:
நீங்கள் சொன்னது எல்லாமே வாசிப்பவருக்கான சுகம். நான் வாசிப்பவன் இல்லை, கேட்பவன். எனக்கு எங்கே இடம்?

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டப்ளின் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நான் குடிக்க மாட்டேன். செஷனுக்குப் போனால் எங்கே உட்காருவது, எப்போது கைதட்டுவது? சபாவில் தொடையில் தாளம் போட்டே பழகிய கை இது, அதனால் கேட்கிறேன்.

தகரக்குழல்:
தம்பி, குடிக்காமல் போகலாம். நான் மூன்று வருடமாகக் காபியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் எதையாவது வாங்குங்கள், பப்காரரும் பிழைக்க வேண்டும். பெரும்பாலும் செஷனை நடத்தும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பப் காசு கொடுக்கும். மற்றவர்கள் சும்மா வந்து சேர்ந்துகொள்கிறவர்கள். வட்டத்துக்குள் ஒரு நாற்காலி காலியாகத் தெரிந்தால் அது காலி இல்லை. அதில் உட்கார்ந்துவிடாதீர்கள். தாளம் தாராளமாகப் போடலாம், உங்கள் தொடையில். மேசையில் வேண்டாம். ஜிக் என்ற ஆட்டமெட்டு வந்தால் கை தானாகத் திஸ்ரம் போடும், மூன்று மூன்றாக. ஸ்லிப் ஜிக் ஒன்பதில் வரும். உடனே சங்கீர்ணம் என்று துள்ள வேண்டாம், அது மும்மூன்றாகத்தான் நடக்கும். படம் பிடிப்பதாக இருந்தால் முதலில் கேளுங்கள்.

இனி பெரியவர்கள் சண்டைக்கு வருகிறேன். நான் டின் விசில் கற்றுக்கொள்கிறவள், செஷனில் ஓரமாக உட்கார்ந்து தெரிந்த மெட்டுக்கு மட்டும் வாசிப்பவள். ஆகவே மூலைமேசையின் பக்கம்தான் நிற்க வேண்டும். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் என்னால் முடியவில்லை. ஷான் நோஸ் பாட்டுக்குப் பக்கவாத்தியம் கிடையாது. ஒற்றைக் குரல், ஐரிஷ் மொழி, நுணுக்கமெல்லாம் சுரத்துக்குச் சுரம் நடுவில். செஷனில் யாராவது பாட ஆரம்பித்தால் எல்லோரும் "ஷ்ஷ்" என்பார்கள். பார் பக்கம் மட்டும் அடங்கவே அடங்காது. சில வருடங்களுக்கு முன்னால் அதே நேஷனல் கான்செர்ட் ஹாலில் தி குளோமிங் குழுவோடு இயர்லா ஓ லினார்ட் பாடியதைக் கேட்டேன். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் ஒரு இடைவெளி விட்டார். அரங்கில் எங்கோ ஒருவர் கோட்டை மடிக்கும் சத்தம் கேட்டது. அந்த இடைவெளியை எந்தப் பப்பிலும் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

மூலைமேசை:
ஷான் நோஸ் அரங்கத்துக்கான கலையும் இல்லையே. பாடுபவரின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்து மெல்லச் சுற்றிக்கொண்டிருப்பார், பார்த்திருக்கிறீர்களா? ஆயிரத்து இருநூறு பேரில் யார் போய்க் கையைப் பிடிப்பது? பழைய காலத்தில் இது சமையலறையிலும் பப்பிலும் இருந்தது. மேடை பின்னால் வந்த இரவல்.

கெண்டிஷ்டவுன்:
லண்டனிலிருந்து ஒரு குரல். பழைய காலத்தில் சமையலறையில் இருந்தது, சரி. பப்பில் இருந்ததா? அங்கேதான் இடிக்கிறது.

கிராமத்தில் வீட்டு ஆட்டம், நாற்சந்தி ஆட்டம் உண்டு. 1935இல் பொது நடன அரங்குச் சட்டம் வந்து, ஆட்டத்துக்கு உரிமம் வேண்டும் என்றது. பாதிரியாரும் போலீசும் வீட்டு ஆட்டத்தின் மீதும் அதைப் பிரயோகிக்க, சமையலறை இசைக்கு அடி விழுந்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போர், அதற்குப் பின் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்துக்குக் கட்டட வேலைக்கு வந்தார்கள். நான்கு பேர் தங்கும் வாடகை அறையில் ராத்திரி ஃபிடிலை எடுத்தால் வீட்டுக்காரம்மா பெட்டியைத் தெருவில் வைப்பாள். எங்கே போவது? பப்புக்குத்தான். 1940களின் பிற்பகுதியில் இங்கே கெண்டிஷ் டவுன், கேம்டன் டவுன் பக்கங்களில்தான் நாம் இன்று செஷன் என்று சொல்வது உருவாகத் தொடங்கியது. அது அயர்லாந்துக்குள் பரவலானது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கெய்லி என்ற பெயரில் முதல் ஆட்டக் கூட்டம் நடந்ததும் அயர்லாந்தில் இல்லை. 1897இல் லண்டன் புளூம்ஸ்பரி ஹாலில், ஐரிஷ் மொழிக்கான அமைப்பான கேலிக் லீக் நடத்தியது. மெட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வாசிப்பது பற்றி உருகினீர்களே, அந்தப் பழக்கத்தை ஊரெல்லாம் கொண்டுபோனதில் 1920களின் நியூயார்க் இசைத்தட்டுகளுக்குப் பெரிய பங்கு. அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து போன மைக்கேல் கோல்மன் ஃபிடிலில் வாசித்த தட்டு. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் அடங்கும். இரண்டு மெட்டைக் கோத்தால் கச்சிதம். அந்தத் தட்டு கப்பலேறி ஸ்லைகோவுக்கே திரும்பி வந்து, அங்கே பிள்ளைகள் அதைக் கேட்டுக் கற்றார்கள்.

அரங்கம் இரவல் என்றால் பப்பும் இரவல்தான். இரண்டுமே பெருநகரம் கொடுத்தவை.

மூலைமேசை:
வரலாற்றில் அடித்துவிட்டீர்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரவல் வாங்குவதிலும் வித்தியாசம் உண்டு. பப்புக்கு வந்தவன் வேறு வழியில்லாமல் வந்தான். அரங்கத்துக்கு அழைத்துப் போனவர்கள் மரியாதை வேண்டும் என்று அழைத்துப் போனார்கள். இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடாவையே பாருங்கள். சூட்டும் போ டையும் போட்டு, மேடையில் ஹார்ப்சிகார்டை, பியானோ போன்ற பழைய தந்தி வாத்தியத்தை, வைத்து வாசித்தார். கெய்லி பேண்டுகளைக் கவிழ்த்த ஜாம் பாட்டிலுக்குள் ஈ ரீங்காரம் போடுவதோடு ஒப்பிட்ட மனிதர். ஆடுகிற சனத்தை இப்படி மட்டம் தட்டித்தான் கச்சேரி மேடை ஏறியது.

பின்வரிசை:
ஓ ரியாடா மீது கை வைத்துவிட்டீர்கள், இனி விட முடியாது. அவர் வரும்வரை டப்ளினின் படித்த கூட்டத்துக்கு இது மூக்கைப் பொத்திக்கொள்ளும் இசை. 1960 வாக்கில் கியோல்டோரி கூலன் குழுவை அமைத்தார். எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக அடிப்பதற்குப் பதில் ஒருவர் தொடங்க, இன்னொருவர் ஏற்க, நடுவில் மற்றவர்கள் மௌனம். இன்று எல்லா செஷனிலும் தட்டுகிறார்களே போரான், அந்தத் தோல்மேளத்தைக் குழுவில் உட்கார வைத்தவரும் அவர்தான். ஹார்ப்சிகார்ட் பகட்டுக்கு இல்லை. பழைய ஐரிஷ் யாழுக்கு உலோகத் தந்தி. அந்த ஒலிக்கு ஏதாவது கிட்டே வருமா என்று தேடியதில் கிடைத்தது அது. 1969இல் கெய்ட்டி தியேட்டரில் நடந்த கச்சேரியின் பதிவு இன்றும் கிடைக்கிறது, கேளுங்கள். 1971இல் நாற்பது வயதில் இறந்துவிட்டார். அந்தக் குழுவில் பைப்ஸ் வாசித்த பேடி மொலோனிதான் 1962இல் தி சீஃப்டன்ஸ் என்ற மரபிசைக் குழுவை ஆரம்பித்தவர். அந்த மேடைகள் இல்லாவிட்டால் நீங்களும் நானும் இங்கே சண்டை போடும் அளவுக்கு இந்த இசையைக் கேள்விப்பட்டிருப்போமா?

ஜாம் பாட்டில் விஷயத்தில் மட்டும் அவர் பேசியது அதிகம்தான்.

மூலைமேசை:
அப்படியானால் ஒன்று கேட்கிறேன். 2021இல் டப்ளின் ஸ்மித்ஃபீல்டில், செஷனுக்குப் பேர்போன கோபிள்ஸ்டோன் பப் இருக்கும் இடத்தில் ஒன்பது மாடி ஹோட்டல் கட்ட மனுப் போட்டார்கள். சனம் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசித்துக்கொண்டே மாநகராட்சி அலுவலகம்வரை ஊர்வலம் போனது. நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. இந்த ஊரில் எந்த அரங்கத்துக்காக யார் சவப்பெட்டி தூக்கியிருக்கிறார்கள்?

தகரக்குழல்:
அண்ணே, அந்த ஊர்வலத்தில் நானும் போனேன், அதனால் சொல்கிறேன். முன்பக்கத்து பப்பை வைத்துக்கொள்வதாகத்தான் ஹோட்டல்காரர்களும் சொன்னார்கள். போகவிருந்தது பின்னறை. வகுப்பு நடக்கிற பின்னறை, நாற்காலி போட்டு, வாசலில் டிக்கெட் வாங்கி, வாயை மூடிக்கொண்டு கச்சேரி கேட்கிற பின்னறை. நாம் தூக்கிய சவப்பெட்டி உங்கள் பரீட்சை ஹாலுக்கும் சேர்த்துத்தான்.

கெண்டிஷ்டவுன்:
இதற்கு மூலைமேசை என்ன சொல்லப்போகிறார் என்று டீ போட்டுவைத்துக் காத்திருக்கிறேன்.

மூலைமேசை:
பின்னறையில் எண்பது பேர் இருந்தால் கூட்டம் அதிகம். வாசிப்பவரின் முகம் தெரியும், அவருக்கு நம் முகம் தெரியும். அதை எர்ல்ஸ்ஃபோர்ட் டெரசோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். மற்றபடி, சரி, பின்னறையை மறந்துவிட்டேன்.

புதுவரவு:
போன வியாழக்கிழமை ஒரு செஷனுக்குப் போனேன். அக்கா எழுதியதை முழுசாகப் படிக்காமலே போய்விட்டேன். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு அம்மா வந்தார். அது அவருடைய நாற்காலியாம். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "உட்காரப்பா" என்பது போலக் கையை அசைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கான்செர்ட்டினா என்ற சின்னக் கைத்துருத்தி வாத்தியத்தை எடுத்துக்கொண்டு அதன் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டார். அப்புறம் இரண்டு மணி நேரம் நான் அசையவே முடியவில்லை. எனக்கு இந்தப் பக்கம் பைப்ஸ் வாசிப்பவர். பின்வரிசை எழுதியிருந்த அந்த ரெகுலேட்டர் சாவி டொக் டொக்கென்று அடங்குவதுகூடக் கேட்டது. மெட்டு மாறும்போது அந்த அம்மாவின் கால் பெருவிரல் ஒரு கணம் முந்திக்கொள்கிறது, அதையும் கவனித்தேன். நடுவில் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது பார் பக்கம் கொஞ்சம் நின்றேன். அங்கே இதில் எதுவுமே கேட்கவில்லை, வெறும் இரைச்சல்.

பின்வரிசை:
பார்த்தீர்களா? கிட்டே உட்கார்ந்தால்தான் கேட்கிறது. அரங்கில் அந்த இடத்துக்கு முதல் வரிசை என்று பெயர். யாரையும் எழுப்பாமல் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

மூலைமேசை:
முதல் வரிசையில் உங்கள் மடியில் யார் பெட்டியை வைப்பார்கள்?