ஓசிடி (வேண்டாத எண்ணம், கட்டாயச் செயல் நோய்): கேஸ் மூடினோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்கு ஈ.ஆர்.பி. எப்படி அமைப்பது?

உளவியல்_இரண்டாமாண்டு:
பாடப்புத்தகத்தில் ஈ.ஆர்.பி. என்ற பேச்சு, பயிற்சி வழி சிகிச்சைக்கு ‘பயத்தை எதிர்கொள்ள வை, கட்டாயச் செயலைத் தடு’ என்று இரண்டே வரிதான் இருக்கிறது. கிளம்பும்போதெல்லாம் சிலிண்டர் ரெகுலேட்டரைப் பத்துப் பதினைந்து முறை வந்து பார்ப்பவருக்கு இதை எப்படிப் படிப்படியாக வைப்பது? 3 வாரமாகியும் பதற்றம் இறங்கவில்லை என்றால் கோளாறு எங்கே? எந்த அளவுக்கு மேல் இதை நோய் என்கிறோம்?

வேப்பமரத்தடி:
கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்காத வீடு ஏது? வேண்டாத எண்ணமும் அதை அடக்கச் செய்யும் செயலும் தினம் 1 மணி நேரத்துக்கு மேல் தின்றால், அல்லது வேலை, படிப்பு, குடும்பம் கெட்டால், மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின் கணக்கில் அது ஓசிடி. முதல் நாளே ஓசிடியின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் கேள்வித்தாளைப் போடுங்கள்: 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. 16–23 நடுத்தரம், 24 முதல் கடுமை. முதல் மதிப்பெண் கையில் இல்லாமல் ‘இப்ப பரவாயில்ல’ என்பதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

மடி, தீட்டு பார்ப்பவரையெல்லாம் ஓசிடி என்று எழுதிவிடாதீர்கள். அதே ஆசாரம் பார்க்கும் வீட்டுப் பெரியவர்களே ‘இவ்வளவு எதுக்கு’ என்கிறார்களா என்று விசாரியுங்கள்.

மறுமுனை:
1966-இல் லண்டனில் விக்டர் மேயர் இந்த முறையை எழுதியபோதே கட்டாயச் செயலைத் தடுப்பதுதான் அதன் உயிர். பலர் பயத்தைக் காட்டிவிட்டு இந்தப் பாதியைக் கோட்டை விடுகிறார்கள்.

எதைச் செய்தால் எவ்வளவு பதற்றம் வரும் என்று 0–100 அளவில் நோயாளியையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள், அதுதான் ஏணி. ஃபேன் ஸ்விட்சை அணைத்துத் திரும்பிப் பாராமல் போவது 30 என்பார். வீட்டில் ஆள் இருக்க, ரெகுலேட்டரை ஒரே தடவை மூடிவிட்டுத் தெருமுனைவரை போவது 50. யாருமில்லாத வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவது 90. 40 பக்கம் தொடங்குங்கள்.

‘ஒரே தடவை’ என்றால் என்ன என்பதையும் எழுதி வையுங்கள்: குமிழைத் திருப்பு, கையை எடு, முகத்தைத் திருப்பு, நட. மோந்து பார்ப்பது, மறுபடி தொடுவது கிடையாது. கிளம்புமுன் ‘என்ன ஆகும் என்று நினைக்கிறேன்’ என்று ஒரு வரி, திரும்பியதும் ‘என்ன ஆனது’ என்று ஒரு வரி. தினமும் வீட்டுப்பாடம் வேண்டும். வாரம் ஒரு நாள் கிளினிக்கில் மட்டும் செய்தால் ஒட்டாது. நிஜமாகவே வாடை வந்தால் போய்ப் பார்க்க வேண்டியதுதான், அதில் வீரம் காட்டக் கூடாது.

3 வாரத்தில் பதற்றம் இறங்காதது தோல்வி அல்ல. பதற்றத்தோடேயே திரும்பிப் போகாமல் இருந்தாரா என்பதே கணக்கு. ஆனால் ஒளிந்திருக்கும் கட்டாயச் செயலைத் தேடுங்கள். மூடியதை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பார். செல்போனில் குமிழைப் படம் எடுத்து வைத்திருப்பார். வீட்டுக்கு போன் போட்டுக் கேட்பார். அம்மா ‘நான் பாத்துட்டேன்பா, மூடித்தான் இருக்கு’ என்று சொன்ன நொடியில் அன்றைய பயிற்சி வீண். அம்மாவுக்கு மாற்று வாசகம் கொடுங்கள்: ‘இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். கஷ்டமாத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோ.’

மாத்திரைப்பெட்டி:
மருந்துப் பக்கம் ஒன்று. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஓசிடிக்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவில், சிலருக்கு 200 மி.கி. வரை, தேவைப்படும். 50 மி.கி.யில் 4 வாரம் பார்த்துவிட்டு ‘கேட்கல’ என்று நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. முழு அளவில் வைத்து 8 முதல் 12 வாரம் பார்க்க வேண்டும். கூட்டுவதும் குறைப்பதும் மனநல மருத்துவர் கையில். பயிற்சிக்கு முன் அல்பிரஸோலாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை போட்டுக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள். போட்டால் ‘மாத்திரைதான் காப்பாத்துச்சு’ என்றே மனம் கற்கும்.

உளவியல்_இரண்டாமாண்டு:
போன் படத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. உடனே நிறுத்தச் சொல்லலாமா?

மறுமுனை:
அதையும் ஏணியில் ஏற்றுங்கள். முதல் வாரம் எடுத்த படத்தை 30 நிமிடம் பார்க்காமல் இருப்பது. அடுத்து, பார்க்காமலே அழிப்பது. பிறகு போனைக் கைப்பையில் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போவது.