சித்தப்பாவின் நோட்டில் பூஜ்யத்துக்குப் பதில் "நாட் பை": ஏன்?

கயல்:

சித்தப்பா 1982-இல் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது வாங்கிய சின்க்ளேர் இசட்எக்ஸ்81 என்ற சின்ன வீட்டுக் கணினி இப்போது என் மேசையில் இருக்கிறது. கூடவே நான்கு கேசட், ஒரு கோடு போட்ட நோட்டு. அவர் போன வருடம் தவறிவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை.

நோட்டில் "படகு" என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. 5 அழுத்தினால் படகு இடம் போகும், 8 அழுத்தினால் வலம். பேசிக் மொழிதான். எனக்குப் பைத்தான் தெரியும் என்பதால் ஓரளவு படிக்க முடிகிறது. ஆனால் பூஜ்யம் வரவேண்டிய எட்டு இடங்களில் "நாட் பை" என்று எழுதியிருக்கிறார். லெட் எக்ஸ் = நாட் பை, இந்த மாதிரி. இன்னோர் இடத்தில் கோ டூ 200 (200-ஆம் வரிக்குப் போ) என்று நேராக எழுதாமல் கோ டூ வால் "200". பக்கத்தின் அடியில் 412 என்று எழுதி அடித்திருக்கிறார். அதன் கீழே 372, அதுவும் அடிக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் 369. ஓரத்தில் சிவப்பு மையில் "12-ஐத் தாண்டாதே".

இது ஏதாவது ரகசியக் குறியா? யாருக்காவது புரிகிறதா?

ஈயப்பற்று:

கயல், உங்கள் பதிவைப் படித்ததும் உடனே தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நானும் அதே வருடம் அங்கே இருந்தேன். தயாராக வாங்கினால் 69 பவுண்டு 95 பென்ஸ், உதிரியாக வாங்கி நாமே பற்றவைத்துக்கொண்டால் 49.95. நான் உதிரியாக வாங்கினேன்.

அந்த இயந்திரத்தின் மொத்த நினைவகம் 1 கிலோபைட், அதாவது 1,024 பைட். அதில் 125 பைட்டை இயந்திரமே தன் சொந்தக் கணக்குகளுக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் 899. நம் புரோகிராம், அதன் மாறிகள், திரையில் தெரியும் எழுத்துகள் எல்லாம் அதற்குள்தான் வாழ வேண்டும். பின்னால் செருகும் 16 கே கூடுதல் நினைவகப் பெட்டி தனியாகக் கிடைத்தது. உங்கள் சித்தப்பா அதை வாங்கவில்லை என்று நோட்டே சொல்கிறது.

இனி பூஜ்யத்துக்கு வருவோம். இசட்எக்ஸ்81-இல் புரோகிராமுக்குள் ஓர் எண்ணை எழுதினால், நாம் பார்க்கும் இலக்கத்தோடு கூடவே கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் 6 பைட் சேர்ந்துகொள்ளும். ஒன்று அடையாளக் குறி, ஐந்து அந்த எண்ணின் கணக்கு வடிவம். ஆக, ஒரு சின்னப் பூஜ்யத்துக்கு 7 பைட். ஆனால் நாட் என்ற சொல் முழுதும் ஒரே பைட், பை என்பதும் ஒரே பைட், ஏனென்றால் அவை எழுத்து எழுத்தாக இல்லாமல் ஒற்றைக் குறியாகவே பதிவாகும். பை என்பது வட்டக் கணக்கில் வரும் 3.14. பூஜ்யமல்லாத எண்ணின் முன் நாட் ("இல்லை") போட்டால் பூஜ்யம் கிடைக்கும், அதனால் நாட் பை பூஜ்யம். (பைத்தானில் போட்டால் False என்று வரும், அதுவும் பூஜ்யத்துக்குச் சமம்தான்.) 7-க்குப் பதில் 2. ஒவ்வொரு இடத்திலும் 5 பைட் மிச்சம். ஒன்று வேண்டுமென்றால் எஸ்ஜிஎன் பை (பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்ணுக்கு 1 தரும்), மூன்று வேண்டுமென்றால் இன்ட் பை (தசமத்தை வெட்டிவிடும்) என்று எழுதுவோம்.

200 என்று எழுதினால் 9 பைட். வால் (மேற்கோளுக்குள் இருப்பதை எண்ணாக்கும் சொல், இதுவும் ஒரே பைட்), இரண்டு மேற்கோள் குறி, மூன்று இலக்கம் என்று எழுதினால் 6. மிச்சம் 3.

இப்போது அடியில் உள்ள எண்களைப் பாருங்கள். எட்டு நாட் பை, எட்டைந்து நாற்பது. 412-இல் 40 போனால் 372. ஒரு வால், அதில் 3. 369! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, கயல். ஒவ்வொரு பைட்டையும் கையால் எண்ணியிருக்கிறார்.

"12-ஐத் தாண்டாதே" என்பதும் இதே கதைதான். திரையில் 24 வரி, வரிக்கு 32 எழுத்து. முழுத் திரையையும் நிரப்பினால் வரிமுடிவுக் குறிகளோடு 793 பைட் போய்விடும். 899-இல் மிஞ்சுவது 106. அதனால் 1 கே இயந்திரம் காலி வரிகளைச் சுருக்கியே வைத்திருக்கும், நாம் வலப்பக்கம் எழுத எழுத வரி நீளும், நினைவகம் குறையும். விளையாட்டை இடது மூலையிலேயே நடத்துவது அன்று எல்லாரும் செய்தது. அவர் தன் படகுக்கு 12 எழுத்து அகல ஆறு கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விசைப்பலகை ஒரு தட்டையான பிளாஸ்டிக் தாள், விரலுக்கு அழுத்தமே தெரியாது. நாட் என்று போட ஷிஃப்டையும் நியூலைனையும் (இன்றைய என்டர் விசை) சேர்த்து அழுத்தி, பிறகு N விசை. பை போட மறுபடியும் ஷிஃப்டும் நியூலைனும், பிறகு M. ஒரு பூஜ்யத்துக்கு இவ்வளவு.

நாடா:

கேசட் பற்றி ஒரு வார்த்தை. எதற்கும் முன்னால் நான்கையும் ஒரு நல்ல பிளேயரில் ஓட்டி, கணினியில் வேவ் ஒலிக் கோப்பாகப் பதிந்துவிடுங்கள். நாடாவைப் படிக்கும் பிளேயரின் ஹெட்டைத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். பழைய நாடா இன்னும் எத்தனை தடவை ஓடும் என்று சொல்ல முடியாது. அதில் கேட்கும் கரகரப்புதான் புரோகிராம்: 0 என்றால் நான்கு துடிப்பு, 1 என்றால் ஒன்பது துடிப்பு, இடையில் சின்ன மௌனம். 1 கே புரோகிராம் அரை நிமிடம் போல ஓடும். கோப்பு கையில் வந்துவிட்டால் எமுலேட்டரில், அதாவது அந்தப் பழைய இயந்திரத்தைப் போலவே நடக்கும் மென்பொருளில், ஏற்றலாம்.

இயந்திரத்துக்கு இப்போதே மின்சாரம் கொடுக்காதீர்கள். கேசட்டுக்கான இரண்டு துளைகளும் 9 வோல்ட் துளையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில் இருக்கும். மாற்றிச் செருகிவிடுவது மிகச் சுலபம். திறக்கிறேன் என்று இறங்கினால் விசைப்பலகையை உள்ளே இணைக்கும் பட்டையான நாடாவை இழுக்காதீர்கள், இத்தனை வருடத்தில் காய்ந்து மொறுமொறுவென்று ஆகியிருக்கும்.

கயல்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. கேசட்டுகளை இன்னும் தொடவில்லை. நோட்டைப் பார்த்து எமுலேட்டரில் நானே தட்டச்சு செய்தேன், 1 கே என்று வைத்துக்கொண்டு. படகு ஓடுகிறது. மேலிருந்து கற்கள் வருகின்றன, நகர்ந்து தப்பிக்க வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு சந்தேகம். 150-ஆம் வரியில் மட்டும் "0" என்று நேராகவே இருக்கிறது. அதை மாற்றினால் 364 ஆகிவிடுமே? அதை மட்டும் மறந்துவிட்டாரா?

ஈயப்பற்று:

அந்த வரி திரையில் எழுத்தைக் காட்டும் பிரின்ட்தானே? பூஜ்யம் மேற்கோள் குறிகளுக்குள் இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் அது எண் அல்ல, கல்லுக்காகப் போட்ட எழுத்து. எழுத்துக்கு மறைவான 6 பைட் கிடையாது, ஒன்றே ஒன்றுதான். அங்கே குறைக்க எதுவும் இல்லை. அவர் மறக்கவில்லை, கயல்.