ஃபிரைஸ்: தடிமனா, மெல்லிசா, நெளியா?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு ஃபிரைஸ் செய்யப் போகிறேன், எப்படி நறுக்குவது என்றுதான் முடிவாகவில்லை. எனக்குத் தடிமனாக வெட்டியதுதான் பிடிக்கும், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மாவாக வெந்த மென்மையும் அதில்தான் கிடைக்கிறது, தீக்குச்சி போல மெல்லிசாக வெட்டினால் கிழங்கின் ருசி போய் வெறும் எண்ணெயும் உப்பும்தான் நாக்கில் நிற்கிறது. ஆனால் மற்ற எல்லோரும் மெல்லிசு கட்சி! நெளிநெளியாக வெட்டினால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்வார்களா? பரப்பு கூடுவதால் மொறுமொறுப்பும் கூடும், சாஸும் நன்றாக ஒட்டும். தோலோடு வெட்டும் வெட்ஜஸ் எனக்குச் சுமார்தான், அதைப் பொரிப்பதைவிட ஓவனில் சுடுவதே மேல்.

நறுக்கியதைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலிருக்கும் ஸ்டார்ச் போகக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, முதலில் 160 டிகிரி செல்சியஸில் வேகவிட்டு, ஆறியதும் 190-ல் பொன்னிறமாக இன்னொரு தடவை பொரிப்பேன். சரி, என் சந்தேகம் இதுதான்: முதல் சுற்றை முந்தின நாளே முடித்து ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே மென்மை குறைகிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், உங்களுக்குப் பிடித்த வடிவம் எது, ஏன் என்றும் எழுதுங்கள், அதை வைத்துத்தான் முடிவெடுக்கப் போகிறேன்.