குமுளி இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்கவில்லை: எங்கிருந்து பார்ப்பது?

நடமாடும்வீடு (கம்பம்):

வணக்கம். பழைய பள்ளி மினி பஸ்ஸை வாங்கி, கட்டில், அடுப்பு மேடை, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறேன். நான்கு சிலிண்டர் டர்போ டீசல், முழு ஏர் பிரேக், 24 வோல்ட். எடை மேடையில் ஆறு டன்னுக்குச் சற்று மேல் காட்டியது. 2021இல் கேரளச் சுற்றுலாத் துறை ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்த நாளிலிருந்தே அப்பாவுக்கு இந்த ஆசை. அவருக்காகத்தான் செய்தேன்.

போன வாரம் அப்பா, அம்மாவோடு வாகமண் போய்விட்டு, ஏலப்பாறை, குட்டிக்கானம், வண்டிப்பெரியாறு வழியாகத் திரும்பினோம். குமுளி தாண்டி இறக்கம் தொடங்கியதும், புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வண்டியை அடக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் சுவிட்சைப் போட்டேன். வழக்கமாக ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் எஞ்சின் சத்தம் தொண்டை அடைத்தாற்போல் மாறும், வண்டி அடங்கும். அன்று எதுவும் நடக்கவில்லை. டேஷ்போர்டில் விளக்கு மட்டும் எரிந்தது. மூன்றாவது கியரில் இருந்ததால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். இறக்கத்தின் வழியில் உள்ள இரைச்சல் பாலத்தை நெருங்குவதற்குள் கருகல் வாடை. “என்னப்பா, ஏதோ தீய்கிற மாதிரி இருக்கிறதே?” என்று அம்மா கேட்டார். ஓரங்கட்டி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முக்கால் மணி நேரம் ஆற விட்டேன். பிறகு இரண்டாவது கியரிலேயே அடிவாரத்து லோயர் கேம்ப் வரை இறங்கினோம்.

வண்டியை மாற்றிக் கொடுத்த பட்டறையில் ஃப்யூஸ் போயிருக்கும் என்றார்கள். பார்த்தேன், ஃப்யூஸ் நன்றாகவே இருக்கிறது. இப்போது எக்ஸாஸ்ட் பிரேக்கையே முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? பெற்றோரை மறுபடி அந்த மலையில் ஏற்றும் முன் காரணம் தெரிந்தாக வேண்டும்.

இயற்பியல்வாத்தியார் (போடி):

பழுதைப் பற்றி மெக்கானிக்குகள் சொல்வார்கள். வாடை ஏன் வந்தது என்பதற்கு ஒரு கணக்கு. ஆறு டன் வண்டி 400 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் ஆறரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஆறரை மணி நேரம் எரிய விட்ட சூடு அது. காற்றுத் தடையும் டயரும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் உங்கள் பிரேக் டிரம்களில்தான் இறங்கியிருக்கிறது. டிரம்மில் உரசும் லைனிங் கருகாமல் என்ன செய்யும்?

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும். பாதி வழியில் தேடினால் சில நேரம் விழாது. பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். டிரம்முக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

பழையடெப்போ (கூடலூர், தேனி மாவட்டம்):

தம்பி, முதலில் ஒன்று. ஓரங்கட்டி ஆற விட்டீர்களே, அதுதான் அன்று உங்களைக் காப்பாற்றியது. பஸ் டெப்போவில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் சொல்கிறேன், அந்த வாடையைப் பொருட்படுத்தாமல் “இன்னும் நாலு வளைவுதானே” என்று வந்தவர்களை எனக்குத் தெரியும்.

எதையும் மாற்றாதீர்கள். விளக்கு எரிவது சுவிட்ச் வரை கரண்ட் வருகிறது என்பதற்குத்தான் சாட்சி. கீழே புகைக்குழாயில் தட்டு மூடியதா என்பது அதற்குத் தெரியாது. டர்போவைத் தாண்டிய குழாயில் பட்டர்ஃபிளை என்று ஒரு வட்டத் தட்டு இருக்கும். காற்று சிலிண்டர் தள்ளினால் அது குழாயை அடைக்கும். வெளியே போக முடியாத புகையை எதிர்த்து பிஸ்டன் திணறும், அந்தத் திணறல்தான் பிரேக். எஞ்சின் சுற்று கூடக் கூட நன்றாகப் பிடிக்கும், அதனால் மூன்றாவது கியரைவிட இரண்டாவதில் பலன் அதிகம்.

எல்லோரும் சுவிட்சிலிருந்து தேடுவார்கள். நான் கடைக்கோடியிலிருந்து தேடுவேன். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். தட்டின் நெம்புகோலை ஒரு கம்பியால் தள்ளிப் பாருங்கள். விரலை விடாதீர்கள். தள்ளினால் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் தானாக இடத்துக்கு வர வேண்டும். அசையவில்லை என்றால் நோய் அங்கேதான்.

அசைந்தால், ஏர் பிரேக் தொட்டியில் காற்றை முழுதாக நிரப்பிவிட்டு, கிளட்சிலும் ஆக்ஸிலேட்டரிலும் கால் வைக்காமல் ஒருவரைச் சுவிட்ச் போடச் சொல்லிக் கேளுங்கள். கரண்ட் வந்ததும் சிலிண்டருக்குக் காற்றைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வு ‘டக்’ என்று அடித்தும் சிலிண்டர் நகரவில்லையா, காற்றுக் குழாயிலோ சிலிண்டர் சீலிலோ கோளாறு. ‘டக்’ சத்தமே இல்லையா, கிளட்ச் பெடலுக்கு மேல் இருக்கும் சிறிய சுவிட்சைப் பாருங்கள். கிளட்ச் மிதித்தால் இந்தப் பிரேக் விலக வேண்டும் என்பதற்காக வைத்தது. அது மாட்டிக்கொண்டால், நீங்கள் கிளட்சை மிதித்தபடியே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். சில வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் வால்வுக்குக் கரண்ட் போகும், அதையும் மனதில் வையுங்கள்.

ஒரு கேள்வி. வண்டி எவ்வளவு நாள் ஓடாமல் நின்றது?

நடமாடும்வீடு:

ஐயா, நான்கு மாதம். மழைக்காலம் முழுவதும் திராட்சைத் தோட்டக் கொட்டகையில்தான் நின்றது. உங்கள் கேள்வியைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

நெம்புகோல் அசையவே இல்லை. கம்பியை வைத்து முழு பலத்தோடு தள்ளியும் கல் மாதிரி நின்றது.

பழையடெப்போ:

நினைத்தேன். நாள்தோறும் மலை ஏறி இறங்கும் பஸ்ஸில் தட்டு ஒரு நாளைக்கு நூறு முறை ஆடும், கரி படிய நேரம் இருக்காது. நிற்கிற வண்டியில் கரியும் துருவும் சேர்ந்து தட்டின் தண்டை இறுக்கிவிடும்.

தண்டின் இரண்டு முனைகளிலும் துரு நீக்கும் திரவம் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுங்கள். இளகியதும் குழாயைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு கரியைச் சுரண்டுங்கள். காய விட்டுத் துடைத்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் ஆயில் மட்டும் விடவே வேண்டாம். அந்தச் சூட்டில் எரிந்து அதுவே கரியாகிவிடும். காய்ந்த கிராஃபைட் தூள் போதும்.

பின் சக்கரங்களின் டிரம்மைக் கழற்றி லைனிங்கையும் பாருங்கள். கண்ணாடி போல் பளபளத்தால் மாற்றிவிடுங்கள், அங்கே காசு பார்க்காதீர்கள். இனிமேல் சமதரையிலும் வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுத்து இந்தப் பிரேக்கைப் போட்டு ஓட்டுங்கள்.

நடமாடும்வீடு:

ஐயா, இரண்டு ராத்திரி ஊற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காலை ‘கிறீச்’ என்று ஒரு நூல் அளவு நகர்ந்தது, பிறகு முழுதாகத் திரும்பியது. உள்ளிருந்து உமிக்கரி போல ஒரு கைப்பிடிக் கரி வந்தது. கிளட்ச் சுவிட்ச், வால்வு இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. புதிய பாகம் எதுவும் வாங்கவில்லை. பின் சக்கர லைனிங் இரண்டு பக்கமும் பளபளத்திருந்தது, மாற்றிவிட்டேன்.

ஞாயிறு காலை நான் மட்டும் குமுளி ஏறி, இரண்டாவது கியரில் இறங்கினேன். இரைச்சல் பாலம் வரை பிரேக்கை ஐந்தாறு முறைதான் மிதித்தேன். லோயர் கேம்ப்பில் நிறுத்தி, பின் சக்கரத்தருகே புறங்கையை நீட்டிப் பார்த்தேன். வெதுவெதுப்பு இருந்தது, வாடை இல்லை. அடுத்த மாதம் அப்பாவுக்குத் தேக்கடியில் படகு ஏற வேண்டுமாம்.