மறு: பல்பு ‘பீஸ் போவது’: ‘இழையறவு’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஓட்டுநர்களுக்கான நம் வண்டிப் பழுதுக் கையேட்டின் சொற்பட்டியல் பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> முகப்பு விளக்கு எரியவில்லை என்றால் ‘உருகி போய்விட்டது’ என்றே கையேட்டில் எழுதலாம். பீஸுக்குத் தமிழ் உருகிதானே?

இதை என்னால் ஏற்க முடியவில்லை. கோவையிலிருந்து நாமக்கல் வரை பட்டறைகளில் பல்பு கெட்டாலும் ‘பீஸ் போய்விட்டது’தான், பீஸே கெட்டாலும் ‘பீஸ் போய்விட்டது’தான். நேரில் பேசும்போது வண்டி கண்ணெதிரே நிற்கிறது, குழப்பமில்லை. அச்சில் அப்படி வந்தால் படிப்பவர் நல்ல பல்பைக் கழற்றி எறிவார்.

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். உருகி போவது மின்னோட்டம் அளவு மீறுவதால். 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) எச்4 வகை முகப்பு விளக்குப் பல்புக்கான 12 வோல்ட் வண்டியில் 100/90 வாட் பல்பை மாட்டினால், டிம்மில் இரு பக்கமும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுத்த இடத்தில் 15 இழுக்கும். உருகி போகும்; பெரிய உருகியாகப் போட்டுச் சமாளித்தால் ஹோல்டர் இளகும். பல்புக்குள் நடப்பதோ தேய்மானம். டங்ஸ்டன் இழை சூட்டில் சிறிது சிறிதாக ஆவியாகி, மெலிந்த இடத்தில் அறுகிறது. ஆகவே ‘இழையறவு’.

‘இழைமுறிவு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கொம்பு முறியும், எலும்பு முறியும். சென்னிமலைத் தறியில் பாவு இழை அறும். நம் பக்கத்து ஓட்டுநருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

சொல் கிடைத்தால் கையேட்டு வரிகளும் தெளிகின்றன. எச்4 பல்பில் இரண்டு இழைகள். ஒரு பக்கம் டிம் மட்டும் எரியாமல் பிரைட் எரிந்தால் முதலில் இழையறவைச் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீட்டர் (மின்தொடர்பைச் சோதிக்கும் கருவி) வைத்தால் உறுதியாகிவிடும். இரு பக்கமும் ஒன்றாக அணைந்தால் உருகி, ரிலே (விளக்குக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்விசை), சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புதுப் பல்பும் மங்கினால் எர்த் இணைப்பில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் வரட்டும்: புதிய பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பசை படிந்த இடம் கூடுதலாகச் சூடேறி, இழையறவுக்கு முன்பே குடுவை கெட்டுவிடும்.

‘டிம்’, ‘பிரைட்’ இரண்டையும் மாற்ற வேண்டாம். வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிர்வண்டிக்கு டிம் அடித்துப் பழகியவரிடம் ‘தாழ்கற்றை’ என்றால் அவர் நின்று யோசிப்பார். உருகி, இழையறவு இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சொற்பட்டியலில் ஏற்ற உங்கள் ஒப்புதலைக் கேட்கிறேன்.